பைய இழு

ஒரே நிமிடத்தில், இரண்டு மொழிகளில், இரண்டு பொய் சொன்னவள் நான். அதற்காக எனக்கு ஒரு பதக்கமும் கிடைத்தது. அதில் "உலகக் குடிமகள்" என்று பொறித்திருக்கிறது!

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நானும் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன். சிரித்து முடித்த பிறகு அந்தப் பதக்கத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவேன்...

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. வீடு செம்பூரில், பள்ளி மாட்டுங்காவில். தொண்டு, உலகக் குடிமை, தொழில் அறிதல் என்று மூன்றுக்கும் எங்களுக்குத் தனித்தனி மதிப்பெண் உண்டு. எங்கள் ஷெனாய் மிஸ் மகா கெட்டிக்காரர், மூன்றையும் ஒரே பைக்குள் அடைத்துவிட்டார். தாராவிப் பட்டறை ஒன்றில் இருநூறு பள்ளிப்பைகள் தைத்து மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது தொண்டு. பை தைப்பதை நார்வே நாட்டு மாணவர்களுக்கு வீடியோ அழைப்பில் காட்டுவது உலகக் குடிமை. ஒரு வாரம் நாங்களே அந்தப் பட்டறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது தொழில் அறிதல்.

பட்டறையின் முதலாளி ரஹ்மத் அக்கா, நெல்லை மேலப்பாளையத்துக்காரி. ஐந்து மெஷின், எட்டுப் பேர் வேலை, அத்தனை சத்தத்தையும் மிஞ்சும் குரல்! தமிழைத் தவிர அவளுக்குத் தெரிந்தது பம்பாய் இந்தி. அதுவும் பாதி வசவுதான்.

"அக்கா சொல்வதை ஆங்கிலத்தில் யார் சொல்வீர்கள்?" என்று மிஸ் கேட்டதும் முதலில் உயர்ந்தது என் கை. உயராமல் இருக்குமா? எதிர்காலத்தில் என்ன ஆக விருப்பம் என்ற கேள்விக்கு, உலக நாடுகள் கூடும் சபையில் மொழிபெயர்ப்பாளர் ஆவேன் என்று படிவத்தில் எழுதியவளாயிற்றே!

எனக்குத் தமிழ் தெரியும்தான். ஆனால் எந்தத் தமிழ்? எங்கள் வீட்டுக் கூடத்தைத் தாண்டாத "வந்தா, போனா" தமிழ். எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது. அக்கா பேசுவதில் பாதி புரிந்தது. மீதியை ஊகித்தேன். ஊகித்ததை, வெட்கமே இல்லாமல், கணீரென்று சொன்னேன்.

வெட்டிய துணியும் ஊசியும் நூலும் முன்கூட்டியே பார்சலில் நார்வே போயிருந்தன. அன்று திரையில் முப்பது முகங்கள். அக்கா கேமராவுக்கு முன்னால் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"பைய மடிங்க."

பையை மடியுங்கள் என்றேன். மடித்தார்கள்.

"பைய திருப்புங்க."

பையைத் திருப்புங்கள் என்றேன். திருப்பினார்கள். ஆஹா, என்ன சுலபமான வேலை! பை தைக்கிற இடத்தில் "பைய" என்றால் பையைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்?

"இப்ப பைய இழுங்க."

பையை இழுங்கள் என்றேன்.

இழுத்தார்கள் பாருங்கள்! பனிச்சறுக்கு விளையாடிய கைகள் அல்லவா? முப்பது நூல்களும் பட் பட்டென்று அறுந்தன. நெட்டையாக ஒருவன் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தான். நார்வே முழுவதும் சிரித்தது. மாட்டுங்காவும் சிரித்தது.

அக்கா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "பைய இழுங்கன்னேன்லா! மெதுவா இழுக்கச் சொன்னா இப்பிடி பிச்சுப் போட்டாவளே!"

அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. பைய என்றால் மெதுவாக! நெல்லையில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சொல்...

"அவர் என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் மிஸ்.

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். ஏன் சொல்லவில்லை? எல்லாக் கண்களும் என்மேல் இருந்தன. அந்தப் படிவம், அந்தச் சபை, முடிவில் மிஸ் தருவதாகச் சொல்லியிருந்த பதக்கம்... "நூல் மோசமான நூலாம் மிஸ். மன்னிப்புக் கேட்கிறார்" என்றேன்.

அக்கா என் தோளை இடித்தாள். "அவிய என்னளா சொல்லுதாவ?"

"நூல் மட்டமா இருக்குன்னு அவா சொல்றா, அக்கா."

அவ்வளவுதான். இரண்டு பொய். ஒரு நிமிடம்.

அந்தக் குரல் இறங்கி நான் கேட்டது அன்று மட்டுமே. "மச்சான் கடை நூலுளா அது... பன்னெண்டு வருசமா அங்கதான எடுக்கேன்." மச்சான் என்றால் அவளுடைய அக்காள் புருஷன், மாஹிமில் நூல் கடை வைத்திருக்கும் காதர் பாய். அன்று மாலையே அவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள். "என் நூல்ல குத்தமில்ல, உன் கையிலதான் குத்தம்" என்று அவரும் திருப்பிச் சொல்லிவிட்டார். நூலில் குற்றமில்லை என்ற வரையில் அவர் சொன்னது சரிதான். குற்றம் இருந்தது என் நாக்கில்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கொண்டாட்டம்! மானப் பிரச்சினை ஆகிவிட்டதால் அக்கா வேறு கடையில் நூல் எடுத்து, இருநூறு பைக்கும் இரட்டைத் தையல் போட்டாள். பைகளைக் கொடுத்த அன்று ஒரு வாண்டு தன் தங்கையையே பைக்குள் உட்காரவைத்துத் தூக்கப் பார்த்தாள். தையல் அசையவில்லை! அடுத்த அழைப்பில் நார்வேப் பிள்ளைகள் தாங்கள் தைத்த பைகளை உயர்த்தி, "பைய! பைய!" என்று கத்தினார்கள். தமிழில் பைக்கு அதுதான் பெயர் என்று அங்கே முப்பது பேர் இன்னும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

மிஸ் எனக்குப் பதக்கம் குத்தியபோது ஓங்கிக் கைதட்டியவள் ரஹ்மத் அக்கா.

பிறகு வெறிபிடித்தவள்போல் தமிழ் படித்தேன். இப்போது கல்லூரியில் மொழிபெயர்ப்புதான் என் பாடம். நீங்கள் வாசிக்கும் இந்தத் தமிழே அந்தக் குற்ற உணர்ச்சி கற்றுக்கொடுத்ததுதான். அப்படியென்றால் அந்தப் பொய்க்கு நன்றி சொல்லட்டுமா? சீ! என்ன கேள்வி இது!

சொல்லிவிட ஒருமுறை போனேன். "அக்கா, அன்னிக்கு அந்த நூல் விஷயம்..." என்று தொடங்கினேன்.

"அத ஏன் கேக்கே! நீ மட்டும் உள்ளத உள்ளபடி சொல்லலேன்னா என் பேரு நாறிருக்கும்ளா. அந்த மனுசன் வீட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று என் கன்னத்தைக் கிள்ளி, டீயை நீட்டினாள். குடித்தேன். நல்ல டீ. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

முன்பெல்லாம் பெருநாளன்று அக்கா வீட்டுச் சேமியா பெரிய எவர்சில்வர் டப்பாவில் மாஹிமுக்குப் போகுமாம். இப்போது அது செம்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு வருகிறது. முதல் வருடமே டப்பாவின் அடியில் ஏதோ தமிழ் எழுத்து பொறித்திருந்ததைப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. "காதர், மாஹிம்." சண்டைக்கு முந்திய பெருநாளில் அவர் வீட்டிலிருந்து வந்து, திரும்பிப் போகாமலே தங்கிவிட்ட டப்பா.

இந்தப் பெருநாளுக்கும் வந்தது. முந்திரியும் நெய்யுமாக, வழித்து வழித்துத் தின்றேன். அந்த ருசியை என்னவென்று சொல்வேன்! டப்பாவைக் கழுவித் துடைத்து, கையோடு அக்காவிடம் எடுத்துப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்போது அக்காவின் போன் வந்தது.

"சேமியா எப்பிடிளா இருந்துச்சு?"

"பிரமாதம், அக்கா! டப்பாவ இப்பவே எடுத்துண்டு வரேன்."

"என்ன அவசரம்? பைய கொண்டா."

இந்த முறை எனக்குச் சரியாகவே புரிந்தது. செருப்பைக் கழற்றினேன். டப்பா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.