இன்னொருத்தியின் கடிதத்தில் நின்ற மரம்

வேறொருத்திக்கு அவளுடைய கணவன் எழுதிய கடிதங்களை ஒரு கிழமை முழுவதும் சம்பளத்துக்கு வாசித்தேன். அந்த ஒரு கிழமையில் எனக்குள் வளர்ந்ததைப் பொறாமை என்று சொல்ல அப்போது வெட்கமாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் எனக்கு வேலை. பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பொலிஸ் முறைப்பாடு என்று எங்கள் ஆட்கள் கொண்டுவரும் கடதாசிகளை நான் ஆங்கிலத்தில் தட்டெழுதுவேன். முதலாளி கையொப்பம் போட்டு முத்திரை குத்துவார். அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். கீழே கடையில் கருவாட்டுப் பெட்டி திறந்தால் மேலே எங்கள் கடதாசிகள் வரைக்கும் மணக்கும்.

என் கணவர் கொழும்பில் இருந்தார். நான் ரொறன்ரோவுக்கு என் அண்ணன் குடும்பத்தோடு முன்பே வந்து குடியுரிமைக்கு முந்திய நிரந்தர வதிவிடமும் பெற்றிருந்தேன். வீட்டார் பேசிய கலியாணத்துக்காகக் கொழும்புக்குப் போனேன். வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் ஆறு கிழமைகள், ஒன்றரை மாதம், சேர்ந்து இருந்தோம். திரும்பி வந்தபோது வயிற்றில் பிள்ளை. வந்த கையோடு கணவரை அழைப்பதற்கான விண்ணப்பத்தை நிரப்பி மிசிசாகாவில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பினேன். மகள் பிறந்து, தவழ்ந்து, நடக்கத் தொடங்கிய பிறகுதான் கொழும்பு விசா அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. சேர்ந்து இருந்தது ஆறே கிழமைகள் என்பதால், இந்தக் கலியாணம் உண்மையானது, இன்னும் தொடர்கிறது என்பதற்கு நேர்முகத்தின்போது ஆதாரம் கொண்டுவர வேண்டுமாம். படங்கள், தொலைபேசிக் கட்டணச் சீட்டுகள், ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அவர்கள் நம்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். மேன்முறையீடு என்று போனால் மகள் பள்ளிக்கூடம் போகும் வயது வந்துவிடும். தகப்பனைப் படத்தில் மட்டும் தெரிந்த பிள்ளையாகவே போவாள்.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. அவளுடைய கணவனும் கொழும்பில்தான் இருந்தான், அவனுக்கும் அதே மாதிரிக் கடிதம் வந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கடிதங்களை மேசையில் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

"அக்கா, வாசிச்சுப்போட்டுச் சிரிக்கப்படாது."

"நான் ஏன் சிரிக்கிறன்? இஞ்ச எல்லாற்ற கடிதமும் வாறதுதானே."

"இல்லை அக்கா, இவர் கொஞ்சம் விசர் மாதிரி எழுதுவார்."

கணவனைப் பைத்தியம் என்பதுபோல விசர் என்று சொன்னபோது அவள் முகம் இருந்த விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு பையை வாங்கி வைத்தேன்.

நாற்பத்தேழு கடிதங்கள். அவற்றில் பன்னிரண்டை நானே தெரிந்தெடுக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் வாசிக்க வேண்டியிருந்தது. அவன் அதிகம் படித்தவன் அல்ல, எழுத்துப் பிழைகள் நிறைய. ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்: நீ போன பிறகு கட்டிலில் உன்ர பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். அங்கே படுத்தால் யன்னலால் வேறு ஒரு மரம் தெரியுது. இவ்வளவு காலமும் நீ அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தியா, எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லையே.

இன்னொன்றில், பஸ்ஸில் யாரோ ஒரு பெண் அவளைப் போல இருமினாளாம். திரும்பிப் பார்க்கவில்லையாம். பார்த்தால் வேறு ஆளாகிவிடும் என்று இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போனானாம்.

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் கணவரின் கடிதங்கள் எனக்கு மனப்பாடம். அழகான கையெழுத்து, பிழை ஒன்றும் இருக்காது. அவர் ஒரு கம்பனியில் கணக்கும் கடிதமும் எழுதும் லிகிதர். 'மகளின் சளி எப்படி? மருந்தை நேரத்துக்குக் கொடுக்கவும். பனிக்காலச் சப்பாத்து வாங்கியாயிற்றா? அளவைக் குறித்து அனுப்பவும். கேட்ட பத்திரங்களின் பிரதிகள் இரண்டும் இத்துடன் உள்ளன.' கடைசியில், 'இப்படிக்கு, அன்புள்ள' என்று போட்டுத் தன் முழுப் பெயரையும் கையொப்பமாக இடுவார். வங்கிக்கு எழுதுவதுபோல.

முதலில் அவளுடைய கடிதங்களை முடித்தேன். பிறகு என் கணவரின் கடிதங்களில் எட்டைத் தெரிந்தெடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டெழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் அவை இன்னும் வறண்டு போயின. இதை வாசிக்கும் அதிகாரி என்ன நினைப்பார்? இது கணவனா, மருந்துக் கடைக்காரனா என்றல்லவா கேட்பார்? நான் எதையும் இரண்டு தரம் யோசிப்பவள். கதவைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்புவரை போனபின், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள். அன்றைக்கு ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. மகளின் சளிக்கும் பத்திரப் பிரதிகளுக்கும் நடுவில், 'உமது பக்கத்தில் படுத்துப் பார்த்தேன், யன்னலில் வேறொரு மரம் தெரிந்தது' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். பிறகு பஸ்ஸில் இருமிய பெண்ணையும் சேர்த்தேன். அடித்து முடித்தபின் அதை வாசித்தேன். என் கணவர் எனக்கு எழுதியது போலவே இருந்தது. எனக்குக் கண் கலங்கியது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுடைய கோப்பும் என்னுடையதும் ஒரே இடத்துக்குப் போகின்றன. இரண்டிலும் ஒரே மரம் நின்றால் பிடித்துவிடுவார்கள். ஆகவே அவளுடைய மொழிபெயர்ப்பைத் திரும்பத் திறந்து அந்த வரிகளை வெட்டினேன். 'நீ போனபின் கவலையாக இருக்கிறது' என்று மட்டும் விட்டேன். அண்ணை வழக்கம்போல வாசிக்காமல் இரண்டிலும் முத்திரை குத்தினார். அவள் தன்னுடையதை வாங்கிக் கணவனுக்கு அனுப்பினாள். நான் என்னுடையதை என் கணவருக்கு அனுப்பினேன்.

ஒரு கிழமை கழித்து அவள் அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். "அக்கா, என்ரயாளுக்கு இன்ரவியூ திகதி வந்திட்டுது. உங்கட அவருக்கும் அதே கிழமையாமே, அண்ணை சொன்னவர். ரெண்டு பேரும் ஒரே பிளேனில வந்தாலும் வருவினம்!"

அவள் சிரித்துக்கொண்டு போனபின் என் கோப்பின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். மொழிபெயர்ப்போடு தமிழ்க் கடிதங்களின் பிரதிகளும் போயிருக்கின்றன. அந்த விசா அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்களா? எனக்கு இது முன்பே தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. நான் அதைத் தள்ளி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி எடுத்தேன். கொழும்பில் அது மாலை நேரம். என் கணவர் இருந்த வீட்டின் சொந்தக்காரரிடம்தான் தொலைபேசி இருந்தது.

"பார்சல் வந்ததோ?"

"வந்தது." பிறகு குரலைத் தாழ்த்தி, "இஞ்சாரும், மூண்டாம் பக்கத்தில ஒரு மரம் நிக்குது" என்றார்.

"என்ன மரம்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். நான் ஒரு மரமும் எழுதேல்லை. ஐஞ்சாம் பக்கத்தில பஸ்ஸுக்குள்ள ஒருத்தி இருமுறாள். அவள் ஆர்?"

பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் சிரிக்கிறீர்? உமக்கு ஆரோ உப்பிடி எழுதுறான். நீர் கை மாறி அதையும் இதுக்குள்ள வைச்சு அனுப்பிப்போட்டீர். ஆர் அவன்?"

ஆர் அவன் என்று அவர் கேட்டபோது எனக்கு வந்தது சந்தோசம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். என் விஷயத்தில் அவருக்குக் கோபம் வரும் என்றே அதுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சந்தோசத்தை இன்னும் ஒரு நிமிடம் வைத்திருக்க ஆசைப்பட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் எழுதினது காணாதோ?" என்றார்.

"காணுமெண்டு நீங்கள் நினைக்கிறீங்களோ? எட்டுக் கடிதத்தில என்னைப் பற்றி ஒரு வசனம் இருக்குதோ?"

"நீர் என்னத்தை எழுதினீர்? பிள்ளைக்குச் சளி எண்டு நீர் எழுதினால், நான் சளிக்குத்தானே பதில் எழுதலாம்."

நான் எழுதியவையும் சளி, பால்மா, விண்ணப்பம், சளிதான்.

"எனக்குப் பொய் சொல்ல வராது," என்றார். "எந்த மரம் எண்டு கேட்டால் முழுசிக்கொண்டு நிப்பன். பிறகு உண்மையையும் பொய்யெண்டுதான் எழுதுவினம். நான் எழுதினதை எழுதினபடி அடிச்சு அனுப்பும். இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு."

முத்திரை வேண்டுமென்றால் அண்ணையிடம் சொல்லத்தான் வேண்டும். அவர் கத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தப் பிள்ளையின்ர கடிதத்திலயும் கை வைச்சனீரோ?"

"ஓம், அண்ணை."

"முதல் அவளைக் கூப்பிட்டுச் சொல்லும். உம்முடையது பிறகு."

அவள் வேலை முடிந்து நேராக வந்தாள். தலையில் போட்டிருந்த வலைத்தொப்பியின் தடம் நெற்றியில் இன்னும் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் தன் கடிதப் பையைக் கேட்டு வாங்கி, என் முன்னாலேயே ஒவ்வொன்றாக எண்ணினாள். நாற்பத்தேழும் இருந்தன.

"அவர் எனக்கு எழுதினதை, உங்களுக்கு எழுதினது எண்டு நினைச்சோ வாசிச்சனீங்கள்?"

"ஓம்."

"சீ!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், நீங்கள்" என்றாள்.

திட்டியிருக்கலாம். அந்த இரக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்படி இரங்குவதற்கு அவளுக்கு எவ்வளவு இருந்தது என்று அப்போதும் எனக்கு எரிந்தது.

அவள் போகவில்லை. கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நான் வெட்டிய வரிகளைத் திரும்ப அடித்தேன். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஒவ்வொரு வசனத்தையும் நான் உரத்து வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும் என்றாள்.

"மரம் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது."

"எங்க, காட்டுங்கோ."

திரையில் அந்தச் சொல்லைக் காட்டினேன். அவள் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். "இவ்வளவுதானோ?" என்றாள். "சின்னதாய்க் கிடக்கு."

அவள் போனபின் என் கணவரின் எட்டுக் கடிதங்களையும் அவர் எழுதியபடியே அடித்தேன். சளியைச் சளியாகவும் சப்பாத்தைச் சப்பாத்தாகவும். அண்ணை இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் தமிழோடு வைத்து ஒப்பிட்டு வாசித்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார். அவளுடையதும் என்னுடையதும் மறுநாளே விரைவுத் தபாலில் கொழும்புக்குப் போயின.

நேர்முகம் நடந்த கிழமையின் முடிவில் அவள் ஒரு பெட்டி லட்டோடு வந்தாள். கணவனுக்குச் சரிவந்துவிட்டதாம், தொலைபேசியில் சொன்னானாம். அண்ணைக்குக் கொடுத்தாள், எனக்கும் நீட்டினாள். எடுத்தேன். தின்னாமல் கடதாசியில் சுற்றி வைத்தேன். எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை. எடுத்துப் பார்த்தால் தொலைபேசி வேலை செய்யவில்லை, வீட்டுக்காரர் கட்டணம் கட்டவில்லையோ என்னவோ. அவருடைய கோப்பு தள்ளுபடியாகிவிட்டது, சொல்லப் பயந்துகொண்டு இருக்கிறார் என்றே முடிவு செய்தேன். மரத்தை விட்டு வைத்திருக்க வேண்டுமோ? இல்லை, அதை ஆரம்பத்திலேயே தொட்டிருக்கக் கூடாதோ? பதினொரு நாட்கள் இதே யோசனை. மகளுக்குச் சோறு ஊட்டும்போது கை பாதியில் நின்றுவிடும். அவள் வாயைத் திறந்தபடி காத்திருப்பாள்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. வழக்கமான கையெழுத்து.

'நேர்முகத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். நீர் அனுப்பியதை ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். மனைவிக்கு எழுதும் கடிதங்களில் ஏன் மருந்தும் சப்பாத்துமாக இருக்கிறது என்று கேட்டார். மனைவியை நான் பார்த்திருக்கிறேன், கண்ணை மூடினால் நினைத்துக்கொள்ளலாம் என்றேன். மகளை இன்னும் பார்த்ததில்லை. கால் எவ்வளவு வளர்ந்தது, இரவில் எத்தனை தரம் இருமினாள் என்று கேட்டுக் கேட்டுத்தான் அவளை எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகிறேன் என்றேன். எப்படி அப்படிச் சொல்ல வந்தது என்று தெரியவில்லை. அதிகாரி மேலே ஒன்றும் கேட்கவில்லை. மருத்துவப் பரிசோதனைக்குப் படிவம் தந்துள்ளார்கள். இப்படிக்கு, அன்புள்ள' என்று முடித்து, அதே முழுப் பெயர்க் கையொப்பம்.

படிவம் தந்தார்கள் என்றால் சரி என்றுதான் அர்த்தம். எத்தனையோ பேருடைய கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வருகிறார். தள்ளுபடி இல்லை, மேன்முறையீடு இல்லை, வருகிறார்.

அழுது முடித்தபின் அந்தக் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தேன், பிறகு மூன்றாம் தரம். என் கணவருக்கு அப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. அவர் வாயிலிருந்து வந்த மிக நல்ல வசனம் அதுதான். அதை முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம், ஆங்கிலத்தில், என் மகளைப் பற்றிச் சொல்லியிருந்தார். நானோ, அவர் கண்ணை மூடினால் நினைத்துக்கொள்ளக் கூடியவள். அவ்வளவுதான்.

எனக்கு எதிரே மகள் பிஸ்கட்டை நக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுகூட ஆகவில்லை. அவருக்கு ஒரு வரி எழுதியதில்லை. சளி பிடித்ததைத் தவிர ஒன்றும் செய்ததில்லை. அந்தக் கால்களையும் அந்த மூக்கையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, பிஸ்கட்டை எனக்கு நீட்டினாள்.

அப்பா வரப்போகிறார் என்று அவளிடம் சொல்ல எனக்குச் சற்று நேரம் எடுத்தது.