சிம்பாங் அம்பாட்டில் விட்டுப்போன வீடு

சீனப் பெருநாள் வந்துவிட்டால் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. தெருவெல்லாம் வெடிக் காகிதம்தான் சிவப்பாகக் கிடக்கும். நான் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்த அச்சுக்கூடத்து முதலாளி தமிழர்தான். ஆனால் காகிதக் கடைக்காரரும் சீனர், மைக் கடைக்காரரும் சீனர். அவர்கள் கதவைச் சாத்தினால் எங்கள் முதலாளியும் சாத்தித்தான் ஆகவேண்டும். சம்பளத்தோடு வரும் அந்த விடுமுறைக்காக நான் வருஷம் முழுக்கக் காத்துக்கிடப்பேன்.

அந்த வருஷம் எங்களுக்கு யோகம் அடித்தது. என் அறையில் இருந்தவன் ஒரு சீனத் தவுக்கேயிடம் மோட்டார் கார் ஓட்டினான். தவுக்கே என்றால் முதலாளி. பெருநாளில் அவர் சீட்டாட்டத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார், மோட்டாரும் வேண்டியிருக்காது. நல்ல சீட்டு விழுந்த நேரமாகப் பார்த்து இவன் போய்க் கேட்டிருக்கிறான். அவரும் கையை ஆட்டி, போய் வா என்று சொல்லிவிட்டார். துணிக்கூரை போட்ட பழைய வண்டி. மேட்டில் ஏறும்போது ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுக்கும். இருந்தால் என்ன, மோட்டார் மோட்டார்தானே!

எங்கே போவது என்று பேச்சு வந்தபோது நான் ஈப்போ என்றேன். ஈயம் தோண்டும் கப்பலைப் பார்க்கவேண்டும் எனக்கு. தரைமேல் குளத்தை வெட்டி அதற்குள் கப்பலை விட்டு ஈயம் எடுக்கிறார்கள் என்று அச்சுக் கோர்க்கும்போது படித்திருந்தேன். படித்த நாள் முதல் மண்டை குடைந்துகொண்டிருந்தது. தைப்பிங்கில் தினமும் மழை பெய்யுமாம், அதையும் பார்க்கவேண்டும். எனக்கு எதையும் நேரில் பார்த்து, நாலு கேள்வி கேட்டால்தான் சோறு செரிக்கும். "இவன் வாயைத் தச்சு விட்டாத்தான் நான் வண்டி எடுப்பேன் லா" என்று டிரைவர் இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னான்.

ஆனால் அந்தப் பயணம் என் ஈயக் கப்பலுக்காகக் கிளம்பவில்லை. எங்கள் அறையில் மூன்றாவதாக ஒருவன் இருந்தான். துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு பார்ப்பவன், அதிகம் பேசாதவன். அவனுடைய அண்ணன் அவனுக்கு முன்பே கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்து வேலைக்கு வந்தவர். கல்யாணமாகி மஞ்சள் காயும் முன்னே கப்பலேறிவிட்டாராம். கொஞ்ச காலம் ஆள் மூலம் தகவல் வந்தது. அப்புறம் மூச்சுப் பேச்சு இல்லை. நண்பன் அடுத்த கப்பலில் ஊருக்குப் போவதாக இருந்தான். ஊரிலிருந்து கிளம்பி வந்தபோது அண்ணி அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

"அவங்க என்ன கேட்டாங்க?" என்று நான் பிடுங்கி எடுத்தேன்.

"உங்க அண்ணன் இருக்காரா, இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லிடு தம்பின்னாங்க. பொட்டு வெச்சா ஊர் ஒரு மாதிரி பாக்குது, வெக்காட்டி ஒரு மாதிரி பாக்குதாம்."



நாலாவது ஆள் ஜவுளிக்காரர். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். தமிழ் முஸ்லிம்களில் மூத்தவரை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவர். எங்களை நம்பித் தோட்டத்துக்குள் யாரும் விடமாட்டார்கள். அவரும் அவர் மூட்டையும் இருந்தால் விடுவார்கள். பின் சீட்டில் பாதியை மூட்டை அடைத்துக்கொண்டது. மீதிப் பாதியில் நானும் துறைமுகத்துக்காரனும் ஒருவர்மேல் ஒருவர் உட்கார்ந்தோம்.

மோட்டாரோடு ஃபெரியில் ஏறி அக்கரை போனபோது நான் வண்டிக்குள் இருக்கவே இல்லை. தண்ணீரில் போகும் கப்பலுக்குள் மோட்டார், மோட்டாருக்குள் துணிமூட்டை! மோட்டார் உருண்டு கடலில் விழாமல் எதை வைத்துக் கட்டுகிறார்கள் என்று ஒரு மலாய்க்காரரிடம் கேட்டேன். அவர் சக்கரத்துக்கு முன்னே கிடந்த ஒரு மரக்கட்டையைக் காட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்கரை சேரும்வரை அந்தக் கட்டையைவிட்டு என் கண் நகரவில்லை.

புக்கிட் மெர்த்தாஜம் பக்கத்தில் அண்ணன் முதலில் வேலை செய்த தோட்டம். அங்கே நானாவைத் தெரியாதவர் இல்லை. அண்ணனோடு ஒரே கங்காணியின் கீழ் கப்பலேறி வந்த ஒருவர் அகப்பட்டார். "அவன் இங்கேருந்து போயி ரொம்ப நாளாச்சே! சிம்பாங் அம்பாட் பக்கம் ஏதோ சின்னத் தோட்டம்னாங்க. அப்புறம் தைப்பிங்குன்னும் ஒரு பேச்சு" என்றார். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டதற்கு, "சாவுற மாதிரி ஆளா அவன்?" என்று சிரித்தார். நண்பன் சிரிக்கவில்லை.

சிம்பாங் அம்பாட்டில் நாங்கள் போன தோட்டம் மிகச் சின்னது. பால்மரத்து நடுவில் தொழிலாளர் வீடுகள் ஒற்றை வரிசையாகச் சேர்ந்த ஒரு லயம், வெளியே ஒரு கிணறு. எல்லோரும் வேலைக்காட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நண்பன் இறங்கியதும் பெயரைச் சொல்லிக் கேட்கப் போனான். நானா அவன் தோளைப் பிடித்து இழுத்தார்.

"லயத்துல பேர் சொல்லி ஒருத்தனத் தேடாதே. போலீசோ, விட்டுட்டு வந்த கங்காணியோன்னு நெனச்சுக்குவாங்க. இருக்கிறவனையும் இல்லம்பாங்க. என் வழியில நான் கேக்குறேன், பேசாம இரு."

அவர் வழி என்னவென்றால் மூட்டையை அவிழ்ப்பதுதான். சேலைகளை விரித்துப் போட்டார். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். மாம்பழ நிறத்தில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நானா மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் இந்தப் பக்கம் புதுசும்மா. சாயந்தரம் எல்லாரும் வந்தப்புறம் வரலாம்னு இருக்கேன். எந்த வீட்டுல யாருன்னு சொன்னீன்னா கூப்பிட வசதியா இருக்கும்."

அவள் தயங்கவே இல்லை. முதல் வீட்டிலிருந்து கையை நீட்டி நீட்டி, இது இன்னார் வீடு, இது இன்னார் வீடு, இவர் மாடு வைத்திருக்கிறார், அவர் சம்சாரம் பிள்ளை பெறப் போயிருக்கிறாள் என்று மளமளவென்று ஒப்பித்தாள். எவ்வளவு தெளிவான பேச்சு! பெயர்களை நானும் ஆசையாகக் கேட்டேன். நண்பனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அண்ணன் பெயர் அதில் வரவில்லை. நானா நன்றி சொல்லி மூட்டையைக் கட்டினார். நாங்கள் வண்டியில் ஏறினோம்.

நிபோங் தெபாலில் கேட்டோம். பாரிட் புந்தாரில் கேட்டோம். அங்கே நானாவுக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் தைப்பிங் போனோம். சொல்லி வைத்த மாதிரி மழை பெய்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கே தோட்டத்திலும் கைவிரித்துவிட்டார்கள் என்பது ஞாபகம் வந்ததும் அடக்கிக்கொண்டேன். நண்பன் முகம் செத்துப்போயிருந்தது. "ஊருக்குப் போயி அண்ணி மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? தெரியலன்னு சொல்றதுக்கா இத்தன நாளு இங்க இருந்தேன்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

மழைக்கு ஒதுங்கி ஒரு தமிழர் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். புருஷன் பின்னால் அடுப்படியில் இருந்தார். மனைவி கோப்பி கொண்டுவந்து வைத்தாள். கோப்பி பிரமாதம். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"கடை உங்களுதா அக்கா? முதலாளி பேரு என்ன?"

அந்த அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே திரும்பி, "ஏங்க! ஒங்க பேரக் கேக்குறாரு, வந்து சொல்லுங்க!" என்று கூவினாள்.

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான். "ஊர் ஒலகத்தையெல்லாம் கேட்டுட்டு, பொம்பளகிட்டப் போயி புருஷன் பேரக் கேக்குறான் பாரு!" என்றான். நானாவும் சிரித்தார். துறைமுகத்துக்காரன் மட்டும் கோப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

"நானா, சிம்பாங் அம்பாட்டுல அந்தப் பொம்பள எல்லா வீட்டையும் சொன்னாளா?"

"சொன்னாளே. மொதல்லேருந்து..."

"அவ வீட்டையும் சொன்னாளா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கை நீண்ட வழியே போனேன். மாடு வைத்திருப்பவர், அதற்கடுத்து பிள்ளை பெறப் போனவளின் வீடு. அதற்குப் பிறகு சேலையை மடித்து நானாவிடம் கொடுத்துவிட்டாள். துணி உலர்ந்துகொண்டிருந்த கடைசி வீட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாலு தமிழன் நின்றிருக்கிறோம், ஒருத்தனுக்கும் உறைக்கவில்லையே! நானா தலையில் அடித்துக்கொண்டார். "இத்தன வருஷம் பொம்பளைங்ககிட்ட யாவாரம் பண்றேன், எனக்குப் புத்தி எங்க போச்சு?"

"அந்த வீட்டுல வேற யாராவதுகூட இருக்கலாம் லா" என்று டிரைவர் சமாதானம் சொன்னான். ஆனால் எழுந்துபோய் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டான். என் ஈயக் கப்பலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சிம்பாங் அம்பாட் வரும்வரை எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பெண் யார்? நண்பனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். கடைசி வீட்டு வாசலில் ஒருவர் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்ததும் யாரும் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அதே மூக்கு, அதே தாடை.

கிளம்பிய அன்று வழியெல்லாம் அண்ணனைக் கிழித்துத் தோரணம் கட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், "இளைச்சுட்டியே" என்று மட்டும் சொன்னான். அண்ணன் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவைப் பற்றிக் கேட்டார், நிலத்தைப் பற்றிக் கேட்டார், மாமன் வீட்டைப் பற்றிக் கேட்டார். கேட்கவேண்டியதை மட்டும் கேட்கவில்லை. நானே ஒரு நிமிஷம் பொறுத்திருப்பேனா என்பது சந்தேகம். நண்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தான்.

"அண்ணி எப்படியிருக்காங்கன்னு ஒரு வார்த்த கேக்கலியே நீ!"

வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு, நடந்தது நடந்துபோச்சு. ஊர்ல போயி நான் செத்துட்டேன்னு சொல்லிடு. காய்ச்சல்ல போயிட்டேன்னு சொல்லு. எல்லாருக்கும் நிம்மதி."

"யாருக்கு நிம்மதி? நீ சௌக்கியமா கத்தி தீட்டிக்கிட்டு உக்காந்திருக்க, அவங்க தாலியறுத்துட்டு மூலையில உக்காரணுமா?" நண்பன் அண்ணன் கையை உதறினான். "அவங்க என்னடா பாவம் பண்ணாங்க?" அண்ணனை 'டா' போட்டது அவனுக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் வெளியே வந்தாள். என் பக்கமோ நானா பக்கமோ திரும்பவில்லை. நேராகப் புருஷன் முன்னே வந்து நின்றாள்.

"எங்கிட்ட அவங்க செத்துட்டாங்கன்னு சொன்னீங்க. அவங்ககிட்ட நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லச் சொல்றீங்க. இன்னும் எத்தன பேரச் சாகடிப்பீங்க?"

அண்ணன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீட்டியது போதாது என்பதுபோல் அதன் முனையைத் தடவினார். இந்த ஆளுக்காகவா இரண்டு பெண்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் நண்பனிடம் திரும்பினாள். "தம்பி, உள்ளதச் சொல்லுங்க. நான் ஒருத்தி இருக்கேன்னு சொல்லுங்க. எனக்குத் தெரியாதுங்கிறதையும் சொல்லுங்க. என்னைத் திட்டட்டும், மண்ண வாரித் தூத்தட்டும். உக்காந்து அழுவுறதுக்குத் திட்டுறது எவ்வளவோ மேல்."

சொல்லிவிட்டு உள்ளே போய் எங்கள் எல்லோருக்கும் கோப்பி கலந்து எடுத்துவந்தாள். நாங்கள் குடித்தோம். அண்ணன் குடிக்கவில்லை. இக்கரைக்குத் திரும்பும் ஃபெரியில் நான் அந்த மரக்கட்டையைப் பார்க்கக்கூட வண்டியைவிட்டு இறங்கவில்லை.

நண்பன் கப்பலேறிப் போனான். போனவன் திரும்பி வருவானா என்பதே சந்தேகமாக இருந்தது, வந்தான். சாமான் இறக்கக்கூட விடாமல் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"சொன்னியா?"

"சொன்னேன். ஒண்ணுவிடாமச் சொன்னேன்."

"அழுதாங்களா?"

"இல்ல. திட்டுனாங்க. காலையில ஆரம்பிச்சு வெளக்கு வெக்கிற வரைக்கும் திட்டுனாங்க. அண்ணன, எங்கம்மாவ, என்னைய, கப்பல்காரன, ஒருத்தன் பாக்கியில்ல. அந்தப் பொம்பளைய மட்டும் ஒண்ணும் சொல்லல." பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பேசினான். "மறுநாள் ஆசாரிகிட்டப் போயி தாலிய உருக்கி, காதுக்குத் தோடு பண்ணச் சொல்லிட்டாங்க. ஊரே திரண்டு வந்து சத்தம் போட்டுச்சு. போட்டுக்கிட்டு வந்து நின்னு, எப்படியிருக்குன்னு எங்கிட்டயே கேக்குறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நல்லாருக்கு அண்ணின்னேன்."

"அதுக்கு?"

அவன் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"இனிமே அக்கான்னு கூப்பிடுன்னாங்க."