ரேலீன் ஆட்டத்தை நிறுத்திய சனிக்கிழமை

ரேலீன் மெக்கெல்வியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "அப்பா, என்ன தைரியம்!" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தைரியமாம்! அவள் கிடந்த கிடப்பு எனக்கல்லவா தெரியும்.

என் பெயர் கெர்ரின். ஊர் நெட்பால் கிளப்பில் கேன்டீன் என்னுடையது. சனிக்கிழமை ஆனால் சாஸேஜ் வாட்டுவேன், சிப்ஸ் பொரிப்பேன். கேன்டீன் ஜன்னலில் நின்றால் ஆடுகளம் முழுக்கத் தெரியும். இருபது வருடம் அந்தக் களத்துக்கு ரேலீன்தான் நடுவராக இருந்தாள். மற்ற நாட்களில் அவளுக்குத் தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை. கோதுமை லாரி ஓட்டுகிறவர்களையும் அதட்டித்தான் வைத்திருந்தாள்.

நெட்பால் என்பது கூடைப்பந்து மாதிரிப் பெண்கள் ஆடுவது; அதில் ஒரு விதி உண்டு. மிக நெருக்கி மறித்துத் தப்பு செய்தவள், பந்து வைத்திருப்பவளுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். பந்து அந்தக் கையை விட்டுப் போகிற வரைக்கும் அசையவும் கூடாது, பேசவும் கூடாது. மற்ற நடுவர்கள் இதைக் கண்டும் காணாமல் விடுவார்கள். ரேலீன் விடவே மாட்டாள். "கையைக் கீழ போடு. வாயை மூடு. பக்கத்துல நில்லு." ஊரில் பாதிப் பெண்கள் இந்த அதட்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் ஊர் டாக்டர் ப்ரவுஸின் மகள்களும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு வருடம் முன்னால் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாதி ஆட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "என்னடி, சாஸேஜ் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று கேட்டேன். "உன் சாஸேஜைத் தின்னா மூச்சு வாங்காதுடி, நின்னே போயிடும்" என்றாள். சிரித்தோம். ஆனால் மாடிப்படி ஏறவே அவளுக்கு முடியாமல் போனதும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது பதட்டம், ரேலீன். மனசுதான். வயசும் அப்படி" என்றார் ப்ரவுஸ். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார்.

அவள் நம்பினாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூச்சு முட்டும்போதெல்லாம், "ஒண்ணுமில்ல, மனசுதான், ஓடுடி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓடினாள். ஒரு நாள் அரையிறுதி ஆட்டத்தில், விசிலை வாயில் வைத்தபடியே களத்தில் விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்து, மெல்பர்னுக்குக் கொண்டுபோய், இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நுரையீரலுக்குப் போகிற ரத்தக் குழாய்கள் இறுகிப்போய் அழுத்தம் ஏறியிருக்கிறது. அதைத் தள்ளித் தள்ளி இதயம் வீங்கிவிட்டது. பல்மனரி ஹைப்பர்டென்ஷன் என்று பெயர்.

"ஓ, பிபியா? எனக்கும் இருக்கே. உப்பைக் குறைச்சுக்க" என்றான் கிளப் தலைவர் ட்ரெவர். மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ப்ரவுஸ் ஒரு மன்னிப்பாவது கேட்டாரா? அதுவும் இல்லை. "ரொம்ப அரிதான வியாதி, சட்டுன்னு பிடிபடாது" என்றார், அவ்வளவுதான்.

அப்புறம் அவள் இடுப்பில் ஒரு பம்ப் வந்து சேர்ந்தது. மார்புக்குள் போகும் மெல்லிய குழாய் வழியாக இரவும் பகலும் மருந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஆபத்து. தினமும் மருந்தைக் கலக்குவதே ஒரு வேலை. எடைமேடை வேலையை விட்டாள். ஓடி ஆடி விசில் ஊதுவதும் போயிற்று. வீட்டுத் திரைச்சீலைகளைத் திறப்பதைக்கூட விட்டுவிட்டாள்.

எங்கள் ஊரில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், கால் முறிந்து கிடப்பவனும் "மோசமில்ல" என்றுதான் சொல்வான். அதற்கு மேல் சொன்னால் புலம்பல் என்று பெயர். ரேலீனும் எல்லாரிடமும் "மோசமில்ல" என்றே சொல்லிவந்தாள். ஒரு நாள் என் காரில் வரும்போது மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "தூக்கத்துலயே போயிட்டா நல்லாருக்கும்டி" என்றாள்.

காரைத் திருப்பி நேராக ப்ரவுஸிடம் விட்டேன். அவர் வீக்கம் இருக்கிறதா என்று அவள் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினார். "நம்பரெல்லாம் பிரமாதமா இருக்கே!" என்றார்.

"அவ மனசைப் பத்திச் சொல்றேன், டாக்டர். யாராவது ஆலோசகர்கிட்ட அனுப்புங்க."

"இவ்வளவு பெரிய வியாதி வந்தா யாருக்குத்தான் வருத்தம் இருக்காது, கெர்ரின்? போகப் போகப் பழகிடும்."

பழகிடுமாம்! நுரையீரல் கெட்டபோது மனசு என்றார். மனசு உடைந்தபோது நுரையீரலைப் பார்க்கிறார். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். நான் போன் பண்ணி, இரண்டு முறை மணி அடித்தும் அவள் எடுக்காவிட்டால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இந்த நிலைமையில் வந்தது கிளப்பின் 'நலம் கேட்கும் நாள்'. வருடத்தில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் மஞ்சள் காலுறை போட்டுக்கொண்டு, மஞ்சள் கேக் தின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் நலமா என்று கேட்க வேண்டுமாம். ரேலீன் முதல் விசிலை ஊத வேண்டும் என்று ட்ரெவர் பிடிவாதம் பிடித்தான். மாட்டேன் என்றவளை அவன்தான் கூட்டிவந்தான்.

களத்து நடுவில் அவள் நின்றாள். கழுத்தில் பழைய விசில், இடுப்பில் பம்ப், கையில் பந்து. வீராங்கனைகள் இடத்துக்கு இடம் நின்றிருந்தார்கள். சுற்றிலும் நிறுத்திய கார்களில் உட்கார்ந்தபடி ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

ட்ரெவர் மைக் கம்பத்தை அவள் முன்னால் நகர்த்தினான். "சொல்லு ரேலீன், எப்படி இருக்கே?"

மோசமில்ல என்று வரும் என எல்லாரும் காத்திருந்தோம்.

"நல்லா இல்ல, ட்ரெவர்" என்றாள். "காலையில கண்ணு முழிச்சா ஏன்தான் முழிச்சோம்னு இருக்கு. ராத்திரி இந்தப் பம்ப் நின்னுடுமோன்னு தூக்கம் வரல. சில நாள், நின்னாத்தான் என்னன்னு தோணுது."

ஒலிபெருக்கியில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. ட்ரெவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா, என்ன தைரியம்! எல்லாரும் கை தட்டுங்க!" என்று கத்தினான்.

தட்டினார்கள்! கார்களில் இருந்தவர்கள் கோல் விழுந்தால் அடிக்கிற மாதிரி ஹார்ன் அடித்தார்கள். அடப்பாவிகளா! ஒரு பெண் சாகலாம் போல இருக்கிறது என்கிறாள், இவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். இடுக்கியை எறிந்துவிட்டு ஏப்ரனோடு ஓடினேன்.

எனக்கு முன்னால் ப்ரவுஸ் போய்விட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். குனிந்து பம்பைப் பார்த்தார். "நல்லாத்தான் ஓடுது. பயப்படாதே, வா, வந்து உக்காரு."

ரேலீன் கையை உதறினாள். விசிலை வாயில் வைத்தாள். கெட்டில் கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அவ்வளவுதான் சத்தம் வந்தது. ஆனாலும் களத்தில் இருந்த அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். ஹார்னும் நின்றது.

"மறிக்கிறே" என்றாள் ப்ரவுஸைப் பார்த்து. "கையைக் கீழ போடு. வாயை மூடு. பக்கத்துல நில்லு."

"ரேலீன், இங்க பாரு..."

களத்து நடுவிலிருந்து அவருடைய சின்ன மகள் குரல் கொடுத்தாள். "அப்பா, நில்லுப்பா. அவங்க விடமாட்டாங்க."

நின்றார். கை இரண்டும் தொங்க, மஞ்சள் காலுறையோடு நின்றார். ரேலீன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இடையிடையே மூச்சுக்கு நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"வியாதி வந்தப்போ நானா கற்பனை பண்றேன்னு நெனச்சு என்னையே கேவலமாத் திட்டிக்கிட்டேன். இப்ப நெஜமாவே பதட்டம் வருது. மூச்சு முட்டுறப்போ எது வியாதி, எது பயம்னு எனக்கே தெரியல. யாரைக் கூப்பிடறதுன்னும் தெரியல. கூப்பிட்டா மறுபடி மனசுதான்னு சொல்லிடுவாங்களோன்னு கூப்பிடறதும் இல்ல. தனியா உக்காந்து விடியட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

ட்ரெவர் மைக்குக்குக் கை நீட்டினான். "ஆட்டத்துக்கு நேரமாச்சே..."

"ட்ரெவர், இன்னொரு வார்த்தை பேசினே, அந்த மஞ்சக் கேக்கை உன் மூஞ்சியிலயே அப்பிடுவேன்" என்றேன். பின்வாங்கினான்.

அவள் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். அவசரப்படவில்லை. பிறகு பந்தை ப்ரவுஸின் நெஞ்சுக்கு நேராக எறிந்தாள். அவர் பிடித்துக்கொண்டார்.

"பந்து கையை விட்டுப் போயிடுச்சு. இப்பப் பேசலாம்."

அவர் முகம் வெளுத்திருந்தது. பம்பைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். "திங்கட்கிழமை காலையில நானே போன் பண்ணி ஆலோசகரை ஏற்பாடு பண்றேன்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "எப்பலேர்ந்து இப்படி இருக்கு, ரேலீன்?" என்று கேட்டார்.

"மனசுதான்னு நீ சொன்ன அன்னைக்கிலேர்ந்து" என்றாள்.