தம்பியைப் பூட்டி வைத்த அக்கா

கண்ணாடி வெட்டும் தம்பிக்குக் காலையில் கை நடுங்கும். ஒரு மடக்குச் சாராயம் உள்ளே போனால்தான் கத்தி கோடு பிசகாமல் ஓடும். வேலை சுத்தமாக இருந்ததால் கடை முதலாளி கண்டும் காணாமல் விட்டார். அக்காவால் அப்படி விட முடியவில்லை. தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைப்பவள் அவள். கல்யாணம் முறிந்து வந்ததிலிருந்து தம்பியோடுதான் இருக்கிறாள். பாட்டிலைத் தேடியெடுத்துக் கொட்டினாள், செத்துப்போன அம்மா மேல் சத்தியம் வாங்கினாள், பேச்சை நிறுத்திப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. மனசு வைத்தால் விட்டுவிடலாம், இவன் மனசு வைக்க மாட்டேன் என்கிறான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பினாள்.

ஒருநாள் அவன் மனசு வைத்தான். குடிக்காமல் கடைக்குப் போனான். ஆளுயரக் கண்ணாடி கையிலிருந்து நழுவி உள்ளங்கையைக் கிழித்தது. கட்டுப் போட்ட கையோடு வந்து அக்காவின் முன்னால் உட்கார்ந்தான்.

"என்னை ரூம்ல போட்டுப் பூட்டிடுக்கா. கத்துவேன், கெஞ்சுவேன். என்ன சொன்னாலும் திறந்துடாத."

அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. ஆலையில் லீவு சொன்னாள். வாளி, தண்ணீர், சாப்பாடு எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டினாள்.

அன்று முழுக்க வாந்தி. மறுநாள், சுவரெல்லாம் எறும்பு ஊறுகிறது, மேலே ஏறுகிறது என்று அலறினான். பிறகு கதவைத் தட்டினான். அவள் வாசலிலேயே உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். மதியத்துக்கு மேல் சத்தம் நின்றது. அப்பாடா, தூங்கிவிட்டான் என்று எழுந்துபோய்க் கொஞ்சம் சாப்பிடக்கூடச் செய்தாள்.

திரும்பி வந்து மெதுவாகத் திறந்தபோது அவன் தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். கடித்த நாக்கிலிருந்து ரத்தம்.

ஆஸ்பத்திரியில் அவனைக் கட்டிலோடு கட்டித்தான் மருந்து ஏற்றினார்கள். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. இவ்வளவு காலம் குடித்த உடம்புக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிரே போகலாம், மருந்து கொடுத்துப் பக்குவமாகத்தான் நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். வருஷக்கணக்கில் குடித்ததில் சத்துக் குறைந்து மூளையும் அடிபட்டிருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"தட்டினப்பவே திறந்திருந்தா?"

"சீக்கிரம் கூட்டிட்டு வந்திருக்கலாம்மா. உங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றார் டாக்டரம்மா.

தம்பி பிழைத்தான். மாத்திரை, ஊசி, குடியை விடுபவர்களுக்கு வாரம் ஒரு கூட்டம் என்று சிகிச்சை நீண்டது. நடுவில் ஒருமுறை குடித்துவிட்டு வந்தபோது அவள் சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, அவனைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதற்கப்புறம் அவன் தொடவில்லை. கை நடுக்கமும் போயிற்று. ஆனால் எடுத்த அளவு கத்தியைத் தொடுவதற்குள் மறந்துபோகிறது. முதலாளி அவனைக் கண்ணாடிச் சட்டங்களைத் துடைக்க வைத்திருக்கிறார்.

பூட்டச் சொன்னதும் அவனுக்கு நினைவில்லை. தட்டியது மட்டும் நினைவிருக்கிறது. "எவ்வளவு தட்டினேன், நீ திறக்கவே இல்லையேக்கா" என்று சாப்பிடும்போது திடீரென்று கேட்பான். நீதான்டா சொன்னாய் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். அவன் நம்பவில்லை. நம்பிய நாளிலும் மறுநாளைக்கு மறந்துவிட்டான். இப்போது, தப்புதான்டா என்று சொல்லிக் குழம்பை ஊற்றுகிறாள்.

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு ஆஸ்பத்திரியில் நடக்கும் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறாள். அங்கே அதிகம் பேச மாட்டாள். போன வாரம் புதிதாக வந்த ஒருத்தி, புருஷனை வீட்டிலேயே அடைத்துவைத்துத் திருத்தப் போவதாகப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்துடு. நானும் கூட வர்றேன்."

இருவரும் அப்போதே கிளம்பினார்கள்.