முள் இல்லாத கடிகாரம்

பள்ளிக்கூடத்தில் அவரைக் கோடு வாத்தியார் என்றால்தான் தெரியும். ஓவிய வகுப்பு அவருடையது. ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு இழுப்பார். வாய் மட்டும் நேராகப் பேசாது, எதைக் கேட்டாலும் கேலி செய்தே நழுவிவிடுவார். அவரோடு குடும்பம் நடத்தத் தனிப் பொறுமை வேண்டும். மனைவிக்கு அது இருந்தது. ஆனால் பால் வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்து, "கடைக்காரன் மூஞ்சி சரியில்ல, வந்துட்டேன்" என்று சிரித்தபோது வாங்கப் போனதையே மறந்துவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. மல்லுக்கட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிட்டாள்.

டாக்டரம்மா டேப்லெட் கணினியையும் அதன் பேனாவையும் நீட்டினார். "ஒரு கடிகாரம் வரைங்க சார். மணி பதினொண்ணு பத்து காட்டணும்." பேனா எங்கே தயங்குகிறது என்பதையெல்லாம் ஏ.ஐ. கவனிக்குமாம்.

"என் கோட்டுக்கு மெஷின் மார்க் போடுதா? நல்லா இருக்கு!"

வட்டம் பிசிறில்லாமல் விழுந்தது. எண்களும் கச்சிதம். மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம் பேனா அந்தரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. இரண்டே இரண்டு கோடு, போட்டுத் தொலையுங்களேன் என்று அவள் உள்ளுக்குள் தவித்தாள்.

சட்டென்று கை வேகமெடுத்தது. கடிகாரக் கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசுவதுபோல, நடுவில் சரசரவென்று தீட்டினார்.

"வெளிச்சம் அடிக்குது பாருங்க, முள் தெரியாது."

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். திரையைத் தன் பக்கம் திருப்பியதும் சிரிப்பு அடங்கியது. பேனா நின்ற இடத்தை மெஷின் சிவப்பாகக் காட்டியிருந்தது. அதனிடம் அவர் பாச்சா பலிக்கவில்லை.

"ஞாபகக் குறைவோட ஆரம்பமா இருக்கலாம். இன்னும் சில டெஸ்ட் எடுத்தாதான் உறுதியா சொல்ல முடியும். சீக்கிரம் கண்டுபிடிச்சா நிறைய செய்யலாம். ஆனா சார் ஒத்துழைக்கணும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. எந்திரி, போலாம்." அவர் கதவருகே போய்விட்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு விட்டால் இந்த மனுஷனை மறுபடி இங்கே கொண்டுவர யாராலும் முடியாது.

"ஏங்க, அந்த முள்ள மட்டும் போட்டுடுங்க. போட்டுட்டா உடனே போயிடலாம். நான் இனிமே கூப்பிடவே மாட்டேன்."

"இவ்வளவுதானா?" என்று வந்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. கேலி எதுவும் வரவில்லை.

"எங்க போடணும்னு தெரியலம்மா."

"இப்பவாவது சொன்னீங்களே," என்றாள் அவள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.