மெற்றில்டாவின் பன்னிரண்டு வோல்ட்

சர்க்கியூட் பலகையை முகர்ந்து பார்த்தே எங்கே கருகியிருக்கிறதென்று சொல்லக்கூடிய ஆள் கொட்டாஞ்சேனையில் மெற்றில்டா ஒருத்திதான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் கட்டுநாயக்க எலெக்ட்ரோனிக் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் ஈயம் வைத்த கை அது. டிப்ளோமாக்கார சூப்பர்வைசரே அவளுடைய மேசைக்கு வந்துதான் சந்தேகம் கேட்டார். இதை அவள் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

புருஷன் பக்கவாதத்தில் படுத்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது பின்னேரம் இரண்டு மணித்தியாலம். அடுத்த வீட்டு நேசமலர் வந்து அவருக்குக் காவல் இருப்பாள். மெற்றில்டா வீட்டில் திருத்திய த்ரீவீல் ஓட்டோக்களின் பாட்டு செட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை தந்த ஷிஹானின் கடைக்குப் போவாள். வீட்டில் இல்லாத பன்னிரண்டு வோல்ட் அங்கேதான் இருந்தது; அதில் அவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே சுற்றுவழியில் திரும்புவாள்.

நேசமலர் வத்தளைக்குக் குடிபோனாள். அதோடு அந்த நடை நின்றது.

ஷிஹான் போன் எடுத்தான். "மெற்றில்டாக்கா, செக் பண்ணாத செட்ட நான் எப்பிடி ஆக்களுக்குக் குடுக்கிற? ஏலாட்டிச் சொல்லுங்க, வேற ஆளப் பாக்கிறன்."

"ஏலாதெண்டு நான் எப்ப சொன்னனான்?"

செட்டுகளை வீட்டிலேயே போட்டுப் பார்க்க, மேல்மாடிக்காரர் வீசியெறிந்த கம்ப்யூட்டரிலிருந்து பவர் சப்ளைப் பெட்டியைக் கழற்றினாள். பெட்டியைத் திறக்கவில்லை, உள்ளே கரண்ட் தங்கியிருக்கும் என்பது அவளுக்கா தெரியாது? பச்சை வயரைக் கறுப்போடு முறுக்கினாள். விசிறி சுற்றியது. பன்னிரண்டு வோல்ட் வரும் மஞ்சளில் செட்டை மாட்டினாள். பாட்டு வந்தது, சத்தத்தைக் கூட்டியதும் செத்தது. மூன்று நாளும் இதே கதைதான்.

"விடும் மெற்றில்டா, அது ஓடாது," என்றார் கட்டிலில் கிடந்தவர்.

"நீங்க சும்மா கிடவுங்கோ."

நாலாம் நாள் பிடிபட்டது. சிவப்பு வயர் வேலையில்லாமல் சும்மா கிடந்ததால்தான் பெட்டி மஞ்சளில் ஒழுங்காகத் தரவில்லை. பழைய பிரேக் பல்ப் ஒன்றைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே கட்டினாள். பல்ப் மங்கலாக எரிந்தது. சத்தத்தை முழுதாகக் கூட்டினாள். பாட்டு நிற்கவில்லை.

ஷிஹான் நேரில் வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரலை வைத்தான். "என்ட கடையில ஈக்கிறத விட நல்லமே! இனி நீங்க வரவே தேவயில்லக்கா. நானே கொண்டந்து தந்து நானே எடுத்துக்கொண்டு போறன்."

"பின்ன? மெற்றில்டாவெண்டாச் சும்மாவா?"

அவன் படியிறங்கிப் போனான். அவள் கதவருகிலேயே நின்றாள். வெளியே போக இருந்த ஒரே காரணத்தையும் அவளே தன் கையால் வீட்டுக்குள் கொண்டுவந்து பூட்டியிருந்தாள்.

"யாரப்பா வந்தது?" என்றார் புருஷன்.

"வேலை வந்திருக்குது," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.