கேப்டன் டன்னிங்குக்கு அத்தான் பாடாத நாள்

என் அக்கா கணவர் ஹாமியோரா, விரல் நுனியை நாக்கில் நனைத்து மரத்தின் வெட்டுவாயைத் தொட்ட பிறகுதான் மரத்தை இழுப்பதற்கான இழுவைப் பாட்டைத் தொடங்குவார். பன்னிரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட மறந்ததில்லை.

ஹொக்கியாங்கா ஆற்றுக்குக் கேப்டன் டன்னிங் வந்தபோது அவரிடம் ஒரு கப்பலும் நான்கு ரம்பங்களும் இருந்தன. எங்கள் காட்டின் காவ்ரி மரங்களைப் பாய்மரத் தண்டுகளாக சிட்னிக்கு ஏற்றியே பெரிய மனிதரானார். இந்த ஆற்றில் மரத்தொழிலை உண்டாக்கியவர் அவர்தானாம். அறுபது பேர் கயிறு பிடித்து, அத்தான் பாட்டுக்கு இழுக்காமல் ஒரு தண்டாவது தண்ணீரைத் தொட்டிருக்குமா?

அத்தான் பிறந்தபோது அவருடைய அப்பா, மகனுக்குப் படகாகட்டும் என்று, ஓடைக்கரையில் நின்ற ஒரு டோடாரா மரத்தில் ஒரு பக்கப் பட்டையை உரித்து வைத்தார். அந்தப் பக்கம் உள்ளே மெல்ல இற்றுப்போகும். படகு குடைவது எளிது. நாற்பது வருடம் காத்திருந்தோம். பழைய படகு ஒழுகியதால் ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சுறா பிடிக்கப் போவதே நின்றுபோயிருந்தது. வரும் கோடையில் வெட்டுவதாக இருந்தோம்.

ஒரு காலை எங்களை இழுவைக்குக் கூப்பிடக் கேப்டன் ஆள் அனுப்பினார். போனோம். அத்தான் விரலை நனைத்தார். வெட்டிச் சாய்த்திருந்த மரத்தில் பட்டை உரிந்த வடுவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"யாரோட மரம்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பட்டை போன மரம்தானப்பா, யாருக்கும் வேண்டாம்னு நெனச்சேன். என் படகுத்துறைக்குத் தூணாகும். ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாத் தர்றேன், பாடு."

கயிற்றைப் பிடித்திருந்த மெரேயானா கேட்டாள்: "கம்பளியில உக்காந்து கடலுக்குப் போகலாமா கேப்டன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை.

"எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போன படகு இது. இதை உங்க தூணாக்க நானே பாடணுமா?" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வேறொருவனைப் பாடச் சொன்னார் கேப்டன். அவன் தொண்டை கட்டிவிட்டதென்று இருமிக் காட்டினான். கடைசியில் கேப்டனே மாலுமிகளை அதட்டுவதுபோல் கத்தினார். அறுபது பேரும் இழுப்பதுபோல் கயிற்றில் சாய்ந்தோம். யாரும் இழுக்கவில்லை. கடல்நீர் வடியும் வற்றத்தோடு, மரத்தைக் கொண்டுபோக வந்த கப்பல் மரமில்லாமல் போனது.

அடுத்த முறை அவர் வேறு மரங்களை இழுக்கக் காளைகளை இறக்கினார். எங்களைக் கூப்பிடவேயில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

இன்று அந்த ஓடைக்கு வரைபடத்தில் டன்னிங் ஓடை என்று பெயர். டோடாரா விழுந்த இடத்திலேயே, தூணுக்கும் படகுக்கும் உதவாமல் வெடித்துக் கிடக்கிறது. எங்களுக்குப் படகு இல்லை.